ஜேர்மன் மொழியின் பிரியா முன்னொட்டு வினைகளும் பருத்தித்துறைத் தமிழரும்: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு மொழியைப் பிறநாட்டார் கற்கப் புகுவது பெரும்பாலும் அம்மொழிக்குரியாரின் ஆட்சி வலிமையை ஒட்டியே நிகழ்வது. ஈழத்தமிழர் போர்த்துக்கேய மொழியையும் ஒல்லாந்த மொழியையும் ஓரளவும், ஆங்கிலத்தைப் பெரிதும் கற்றமை அத்தகையதே. ஜேர்மன் மொழியோ இலங்கையை ஒருநாளும் ஆண்டதன்று. எனினும் 1983ஆம் ஆண்டின் பின், யாழ்ப்பாணக் குடாநாட்டின் வட அந்தத்திலுள்ள பருத்தித்துறையையும் அதனைச் சூழ்ந்த வடமராட்சி ஊர்களையும் சேர்ந்தோர் பலர் அம்மொழியைத் தம் வாழ்க்கையின் பொருட்டுக் கற்க வேண்டியவராயினர். கல்லூரிப் பாடமாகவோ இலக்கிய விருப்பினாலோ அவர்கள் அதனைக் கற்றிலர். புகலிடங் கோரும் மனுவும், அதற்கு வந்த மறுமொழிக் கடிதமும், தொழிற்சாலை வாயிலும், பிள்ளைகளின் பள்ளிக்கூடமுமே அவர்களுக்குப் பாடநூல்களாயின.

அவ்வாறு கற்றோரை இடர்ப்படுத்திய இலக்கணக் கூறுகளுட் பிரியா முன்னொட்டு வினைகள் தலையாயவை. அவற்றை ஒரு பட்டியலாக மனனஞ் செய்தலே வழி எனப் பலரும் கருதுவர். அப்பட்டியலின் பின்னே ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றை அறிந்தவிடத்து, தமிழ் மாணவனுக்கு அவ்வினைகள் முற்றிலும் அந்நியமானவை அல்ல என்பது புலனாகும். இதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஜேர்மன் சொற்கள் ஈண்டு ஒலியை அண்ணித்துத் தமிழெழுத்தில் எழுதப்படுகின்றன.

முன்னொட்டின் இயல்பு

ஜேர்மன் மொழியில் வினைப்பகுதிக்கு முன் வந்து பொருளை வேறுபடுத்தும் ஒட்டுகள் இருவகையின. ஒருவகை பிரியுமியல்பின. 'கோமன்' என்பது வருதல். 'அன்கோமன்' என்பது வந்துசேர்தல். 'நான் வந்துசேர்கிறேன்' என்னும் வாக்கியத்தில் 'அன்' என்னும் ஒட்டு வினையை விட்டு நீங்கி வாக்கியத்தின் இறுதிக்குச் செல்லும். இறந்தகால எச்சவடிவத்தை ஆக்கும் 'கெ' என்னும் உறுப்பு ஒட்டுக்கும் பகுதிக்கும் இடையே புகுந்து 'அன்கெகோமன்' என நிற்கும்.

மற்றைய வகை பிரியாவியல்பின. 'பெ', 'எம்ப்', 'என்ட்', 'எர்', 'கெ', 'மிஸ்', 'ஃபெர்', 'ட்செர்' என இவை எட்டாக எண்ணப்படும். அதே 'கோமன்' என்னும் பகுதியுடன் 'பெ' சேர்ந்து 'பெகோமன்' ஆகும்போது பொருள் 'பெறுதல்' என மாறும். இங்கே ஒட்டு எவ்விடத்தும் பகுதியை விட்டு நீங்காது. எச்சவடிவத்தில் 'கெ' சேராது. 'வந்துசேர்ந்த' என்பதற்கு 'அன்கெகோமன்' என்றும், 'பெற்ற' என்பதற்கு வெறுமனே 'பெகோமன்' என்றும் வரும். 'கவுஃபன்' வாங்குதல், அதன் எச்சம் 'கெகவுஃப்ட்'. 'ஃபெர்கவுஃபன்' விற்றல், அதன் எச்சம் 'ஃபெர்கவுஃப்ட்'. சந்தையிற் கொள்வோனுக்கும் கொடுப்போனுக்கும் உள்ள வேறுபாடு அழுத்தம் பெறாத ஓரசையில் அடங்கியுள்ளது.

ஒட்டுப் பிரியுமா பிரியாதா என்பதை அறிதற்குரிய அடையாளம் ஒலியழுத்தமே. பிரியும் ஒட்டு அழுத்தம் பெறும். பிரியா ஒட்டு அழுத்தம் பெறாது, அழுத்தம் பகுதியின் மேல் விழும். தமிழ் மாணவனுக்கு முதல் இடர் இங்கேயே தோன்றுகின்றது. தமிழிற் சொல்லின் ஓரசையை அழுத்துவதாலோ தளர்த்துவதாலோ பொருள் வேறுபடுவதில்லை. 'மனை', 'மானை' எனக் குறில் நெடிலாற் பொருளை வேறுபடுத்திக் கேட்டுப் பழகிய செவி, அழுத்தத்தைப் பொருள் தருங் கூறாக எளிதிற் கொள்ளாது.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு 'ஊபர்செட்சன்' என்னுஞ் சொல். 'ஊபர்' என்பது 'அப்பால், மேலாக' என்னும் பொருளது. சில வினைகளிற் பிரிந்தும் சிலவற்றிற் பிரியாதும் வருவது. முதலசையை அழுத்திச் சொன்னால் இச்சொல் ஆற்றின் அக்கரைக்குக் கொண்டுசென்று சேர்த்தலைக் குறிக்கும், ஒட்டுப் பிரியும். பகுதியை அழுத்திச் சொன்னால் அதுவே மொழிபெயர்த்தலைக் குறிக்கும்; ஒட்டுப் பிரியாது. தோணியும் துறையும் தொழிலாகவுடைய ஊரினர் ஒருவர்க்கு இவ்விரு பொருளும் ஒரே எழுத்துவடிவில் அடங்கி நிற்றல் வியப்பைத் தருவது இயல்பே. கரை கடத்தலும் மொழி கடத்தலும் அடிப்படையில் ஒரே கருத்தின. அழுத்தம் இடம் மாறியமையே அவற்றைப் பிரித்தது.

பருத்தித்துறையும் ஒரு நூற்பெயரும்

ஜேர்மன் மொழியின் பிரியா முன்னொட்டுக்கும் பருத்தித்துறைக்கும் உள்ள தொடர்பு புலம்பெயர்வுடன் தொடங்கியதன்று. 1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். அவர்களுடன் வந்த பிலிப்பஸ் பல்டேயஸ் என்னும் சீர்திருத்தச் சபைக் குரு, 1665ஆம் ஆண்டுவரை யாழ்ப்பாணப் பகுதியிற் பணிபுரிந்தார். குடாநாட்டின் கோயிற்பற்றுகள் ஒவ்வொன்றையும் சென்று கண்ட அவர், பருத்தித்துறையிலே புளியமரமொன்றின் நிழலிற் போதித்தார் என்ற செய்தி இன்றும் அவ்வூராரால் நினைவுகூரப்படுகின்றது. நெதர்லாந்துக்குத் திரும்பிய பின் அவர் எழுதிய பெருநூல், மலையாளக் கரையையும் சோழமண்டலக் கரையையும் இலங்கையையும் விவரிப்பது. 1672ஆம் ஆண்டில் அது ஒல்லாந்த மொழியில் அம்ஸ்ரர்டாம் நகரில் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே அதன் ஜேர்மன் பதிப்பும் அந்நகரில் வெளியாயிற்று. ஆசிரியர் அதற்கு முந்திய ஆண்டே இறந்துவிட்டார்.

ஒல்லாந்தப் பதிப்பின் தலைப்பிலும் ஜேர்மன் பதிப்பின் தலைப்பிலும் நடுநாயகமாக நிற்பது 'விவரணம்' எனப் பொருள்படுஞ் சொல்லே. ஜேர்மனில் அது 'பெஷ்ரைபுங்'. 'ஷ்ரைபன்' என்பது எழுதுதல். 'பெ' என்னும் பிரியா முன்னொட்டுச் சேர்ந்த 'பெஷ்ரைபன்' என்பது ஒன்றனை எழுத்தினால் முற்றச் சூழ்ந்து கூறுதல், அதாவது விவரித்தல். அதே தலைப்பில் இக்கரைகளுக்கு அடைமொழியாக வரும் 'பெரூம்ட்', அதாவது 'புகழ்பெற்ற' என்பதும் அதே முன்னொட்டுடைய பழைய வினையொன்றின் எச்சவடிவமே. ஆதலின் அதனிடத்தும் 'கெ' சேரவில்லை. பருத்தித்துறையை ஐரோப்பிய வாசகருக்கு அறிமுகஞ் செய்த நூலின் பெயரே இவ்விலக்கண விதிக்கு இரண்டு உதாரணங்களைத் தந்து நிற்கின்றது.

இந்நூல் வேறொரு வகையிலும் ஈண்டுக் கருதத்தக்கது. தமிழ் எழுத்துகளையும் தமிழிலக்கணக் கூறுகள் சிலவற்றையும் ஐரோப்பிய வாசகருக்கு அச்சில் அறிவித்த தொடக்க முயற்சிகளுள் இதுவும் ஒன்று. பல்டேயஸ் காட்டிய தமிழ் மிகச் சிறிதே, பிழைகளும் உள. எனினும் முன்னொட்டால் வினைப்பொருளை வளர்க்கும் மொழியினர், முன்னொட்டே இல்லாத ஒரு மொழியை எதிர்கொண்ட நிகழ்ச்சி அது.

அவ்வெதிர்கொள்ளல் ஆழமுற்றது பாக்குநீரிணைக்கு அப்பால், தரங்கம்பாடியிலாகும். டேனிய மன்னனின் ஆதரவுடன் 1706ஆம் ஆண்டில் அங்கு வந்திறங்கிய பர்த்தலோமேயு சீகன்பால்கு, ஜேர்மன் மொழியைத் தாய்மொழியாகவுடையவர். திண்ணைப் பள்ளியின் சிறுவரோடு அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் பயின்ற அவர், இலத்தீன் மொழியில் இயற்றிய தமிழிலக்கணம் 1716ஆம் ஆண்டில் ஹால்லே நகரில் அச்சாயிற்று. அவர் வழியில் வந்த ஜேர்மன் அறிஞருள், 1856ஆம் ஆண்டில் திருக்குறளை ஜேர்மன் மொழியில் வெளியிட்ட கார்ல் கிரவுல், 1923ஆம் ஆண்டில் திருவாசகத்தை அம்மொழியிற் பெயர்த்து வெளியிட்ட ஷோமேருஸ், 1943ஆம் ஆண்டில் தமிழிலக்கணநூல் வெளியிட்ட ஹெர்மன் பைத்தான் ஆகியோர் குறிப்பிடத்தக்கவர். இவர்கள் அனைவரும் தம் மொழியிற் பகுதிக்கு முன்னே தேடிப் பழகியதனைத் தமிழிற் பகுதிக்குப் பின்னே தேட வேண்டியவராயினர். இருநூற்றெழுபது ஆண்டுகளின் பின் தமிழர் அதே பாதையை எதிர்த்திசையில் நடந்தனர்.

பிரியாதவை முன்பு பிரிந்திருந்தமை

இம்முன்னொட்டுகள் ஏன் பிரிவதில்லை என்னும் வினாவுக்கு மொழிவரலாறே விடை கூறும். இன்று தனிப்பொருள் இன்றி நிற்கும் இவை ஒருகாலத்தில் இடத்தையும் திசையையும் உணர்த்திய தனிச்சொற்களே. 'பெ' என்பது 'அருகில்' எனப் பொருள்படும் 'பை' என்னுஞ் சொல்லுக்கு இனமானது. 'என்ட்' என்பது 'எதிர்' என்னும் பொருளுடைய பழஞ்சொல்லின் தேய்வு. 'எர்' என்பது 'வெளியே' என்னும் பொருளுடைய 'உர்' என்பதன் தேய்வு. 'எம்ப்' தனி ஒட்டன்று. 'ஃப' ஒலியை முதலாகவுடைய மூன்று வினைகளின் முன் 'என்ட்' அடைந்த திரிபே அது.

ஜேர்மானிய மொழிகளுள் நீண்ட நூல்வடிவிற் கிடைப்பவற்றில் மிகப் பழையது கோதிய மொழி. கிறித்துவுக்குப் பின் நான்காம் நூற்றாண்டில் வுல்ஃபிலா என்பவர் செய்த விவிலிய மொழிபெயர்ப்பு அதன் முதன்மைச் சான்று. அதில் முன்னொட்டுக்கும் வினைக்கும் இடையே வினாப்பொருள் தரும் சிற்றிடைச்சொல் புகுந்து நிற்றலைக் காணலாம். ஆகவே இன்று பிரியாதவை அன்று பிரியக்கூடியனவாய் இருந்தன என்பது தெளிவு.

வடமொழியும் இத்தகைய வரலாற்றையே உடையது. வேதமொழியில் உபசர்க்கங்கள் வினையை விட்டு நீங்கி நிற்றலும் உண்டு. பிற்கால வடமொழியில் அவை வினையோடு ஒட்டியே வரும். உபசர்க்கத்தின் ஆற்றலைத் தமிழர் தாம் வழங்கும் வடசொற்களின் வாயிலாகவே அறிவர். 'ஹ்ரு' என்னும் ஒரே தாதுவிலிருந்து ஆகாரம், சங்காரம் என்பனவும், இலங்கையில் வழங்கும் விகாரை என்பதும் பிறந்தன. உண்பதும் அழிப்பதும் உறைவதும் ஒரு தாதுவின் முன் நின்ற ஒட்டுகளால் வேறுபட்டன. ஆகாரம் என்பதை 'ஆ' வேறு, 'காரம்' வேறு எனப் பிரித்துத் தமிழர் எவரும் பொருள் கொள்வதில்லை. அதுபோலவே ஜேர்மனியரும் 'பெகோமன்' என்பதைப் பிரித்து எண்ணுவதில்லை.

அழுத்தத்தின் வரலாறு இதனை மேலும் விளக்கும். பழைய ஜேர்மானிய மொழியிற் சொல்லின் முதலசை அழுத்தம் பெற்றது. முன்னொட்டோடு கூடிய பெயர்கள் ஒரே சொல்லாக முன்னரே இறுகியமையால் அவற்றில் முன்னொட்டே அழுத்தத்தைப் பெற்றது. வினைகளிலோ முன்னொட்டு நெடுங்காலம் தனிச்சொல்லாகவே நின்று பின்னர் ஒட்டியது. அதனால் அழுத்தம் பகுதியிலேயே தங்கிவிட்டது. 'ஊர்லவுப்' என்னும் பெயர் இன்று விடுமுறையைக் குறிக்கும். பண்டு அனுமதியைக் குறித்தது. 'எர்லவுபன்' என்னும் வினை அனுமதித்தலைக் குறிக்கும். இரண்டிலும் இருப்பது ஒரே ஒட்டு. அழுத்தம் பெற்ற பெயரில் அது 'ஊர்' என முழுமையாய் நின்றது. அழுத்தம் பெறாத வினையில் 'எர்' எனத் தேய்ந்தது. குற்றியலுகரத்தையும் ஐகாரக்குறுக்கத்தையும் கற்ற தமிழ் மாணவன், சொல்லில் நிற்கும் இடத்தால் ஒலி குறுகும் இந்நிகழ்ச்சியை எளிதில் உணர்வான்.

'கெ' சேராமைக்குரிய காரணமும் இவ்வரலாற்றில் அடங்கும். எச்சவடிவத்திற் சேரும் 'கெ' தொடக்கத்தில் ஒரு பிரியா முன்னொட்டே. செயல் முற்றுப்பெற்றமையை உணர்த்தியது. வேறொரு முன்னொட்டால் ஏற்கெனவே முற்றுப்பொருள் பெற்ற வினைக்கு அது வேண்டப்படவில்லை. முன்னொட்டில்லாத வினைகளுள்ளும் இயல்பிலேயே முற்றுப்பொருள் உடைய 'கோமன்' போன்ற சில, இடைக்கால ஜேர்மனில் 'கெ' இன்றியே எச்சவடிவம் பெற்றன. பிற்காலத்தில் இது ஒலிவிதியாக அமைந்தது: வினையின் முதலசை அழுத்தம் பெறாவிடத்து 'கெ' சேராது. பிறமொழியிலிருந்து வந்த 'ஷ்டுடீரன்', அதாவது பல்கலைக்கழகத்திற் பயிலுதல் என்னும் வினை முன்னொட்டு இல்லாதிருந்தும் 'ஷ்டுடீர்ட்' என்றே வருதல் இதனால் விளங்கும். இரண்டு விதிகளாக மனனஞ் செய்யப்படுபவை உண்மையில் ஒரே விதியின் இரு முகங்களாம்.

தமிழ் வழியே நோக்குதல்

தமிழில் வினைக்கு முன்னொட்டு இல்லை என்பது பொதுவிதி. மேற்கொள், எதிர்கொள், உட்கொள், கைவிடு முதலியவை முன்னொட்டு வினைகள் போலத் தோன்றினும், மேல், எதிர், உள், கை என்பன தனித்து வழங்குஞ் சொற்களாதலின் 'பெ', 'ஃபெர்' முதலியவற்றுக்கு முழுதும் ஒப்பாகா. ஆயின் ஜேர்மன் மொழி முன்னொட்டினால் உணர்த்தும் பொருள் வேறுபாடுகளை உணர்த்தத் தமிழுக்கு வழியில்லை என்று கொள்ளலாகாது. தமிழ் அப்பணியை வினையெச்சத்தின் பின் வரும் இன்னொரு வினையால் நிறைவேற்றுகின்றது.

'ஷ்லாகன்' என்பது அடித்தல். 'எர்ஷ்லாகன்' அடித்துக் கொல்லுதல். 'ட்செர்ஷ்லாகன்' அடித்து நொறுக்குதல். 'லவுஃபன்' ஓடுதல் அல்லது நடத்தல், 'என்ட்லவுஃபன்' தப்பியோடிவிடுதல், தற்சுட்டுப் பெயருடன் வரும் 'ஃபெர்லவுஃபன்' வழிதவறிப் போதல். 'அர்பைட்டன்' உழைத்தல், 'எர்அர்பைட்டன்' உழைத்துப் பெறுதல். 'பிரென்னன்' எரிதல்; 'ஃபெர்பிரென்னன்' எரிந்துபோதல். கொல், நொறுக்கு, பெறு, விடு, போ எனத் தமிழ் பின்னே வைத்தவற்றை ஜேர்மன் முன்னே வைத்திருக்கின்றது. தமிழ் மாணவன் 'எர்' என்பதைக் காணுமிடத்து 'ஒரு செயலைச் செய்து அதன் பயனை அடைதல்' என்றும், 'ட்செர்' என்பதைக் காணுமிடத்து 'சிதைந்துபோதல், சிதைத்துவிடுதல்' என்றும், 'என்ட்' என்பதைக் காணுமிடத்து 'நீங்கிவிடுதல்' என்றும் கொள்வானாயின், அறியாத சொற்கள் பலவற்றின் பொருளையும் அண்ணித்து உணரலாம்.

'பெ' என்பதன் பணி வேற்றுமையைக் கொண்டு விளக்கத்தக்கது. 'வோனன்' என்பது வசித்தல். வீட்டில் வசித்தல் என ஏழாம் வேற்றுமைப் பொருளை வேண்டும். 'பெவோனன்' என்பதோ வீட்டை வசிப்பிடமாகக் கொள்ளுதல் என இரண்டாம் வேற்றுமையை வேண்டும். செயப்படுபொருள் குன்றிய வினையைக் குன்றா வினையாக்குதல் இம்முன்னொட்டின் சிறப்புத் தொழில். தன்வினை பிறவினையும், வேற்றுமை மயக்கமும் கற்ற மாணவருக்கு இது புதிதன்று.

'ஃபெர்' ஒன்றே கட்டுக்கடங்காதது. தவறுதல், முற்றாக அழிதல், ஒரு நிலையை அடைதல், கைவிட்டுப் போதல் எனப் பலபொருள்பட அது வரும். கோதிய மொழியில் வேறுவேறாய் இருந்த மூன்று ஒட்டுகள் ஒலிதேய்ந்து ஒன்றாய்க் கலந்தமையே இதற்குக் காரணம். ஒரு பெயரின் கீழ் மூன்று குடும்பங்கள் வாழ்வது போன்றது அது. ஆதலின் 'ஃபெர்' என்பதற்கு ஒரே பொருள் தேடுவோர் இடர்ப்படுவர்.

ஆங்கில அறிவு இவ்விடத்து உதவியும் செய்யும், ஊறும் விளைக்கும். 1838ஆம் ஆண்டில் வெஸ்லியன் மிஷனார் தொடங்கிய பாடசாலை, பின்னர் ஹாட்லிக் கல்லூரியாய் வளர்ந்து, பருத்தித்துறையில் ஆங்கிலக் கல்வியைப் பரப்பியது. ஆங்கிலம் கற்றோர் 'ஃபெர்கெஸன்', 'ஃபெர்கேபன்' என்பவற்றை மறத்தல், மன்னித்தல் ஆகியவற்றுக்குரிய ஆங்கிலச் சொற்களோடு ஒப்பிட்டு எளிதில் உணர்வர். ஆனால் 'பெகோமன்' என்பதை ஆங்கிலத்தில் ஆகுதலைக் குறிக்குஞ் சொல்லெனக் கொண்டு மயங்குவர். இரண்டும் ஒரு மூலத்தினவே. பொருளோ நூற்றாண்டுகளின் போக்கில் வேறாயிற்று.

இலக்கணம் வாழ்க்கையானமை

1983ஆம் ஆண்டு ஜூலை மாத வன்செயல்களின் பின் தமிழர் பெருந்தொகையினராக நாட்டை விட்டு வெளியேறினர். மேற்கு ஜேர்மனியின் 1949ஆம் ஆண்டு அடிப்படைச் சட்டம், அரசியற் காரணத்தாற் கொடுமைக்குள்ளாவோர்க்குப் புகலிட உரிமையை வழங்கியிருந்தது. கிழக்கு பேர்லினின் ஷோனஃபெல்ட் விமானநிலையத்தில் வந்திறங்கி, அங்கிருந்து மேற்கு பேர்லினுக்குட் புகுதலே அக்காலத்திற் பலர் சென்ற வழி. 1985ஆம் ஆண்டின் நடுப்பகுதியிற் கிழக்கு ஜேர்மன் அரசு, நுழைவனுமதி இல்லாத தமிழருக்கு அவ்வழியை அடைத்தது. 1987ஆம் ஆண்டு மே மாதம் வடமராட்சியில் நடந்த இராணுவ நடவடிக்கை அப்பகுதி மக்களை மேலும் இடம்பெயரச் செய்தது. 1993ஆம் ஆண்டில் ஜேர்மனி தன் புகலிடச் சட்டப்பிரிவை இறுக்கியது.

இவ்வாறு சென்றடைந்தோர் முதன்முதல் எதிர்ப்பட்ட ஜேர்மன் மொழி அலுவலகங்களின் மொழியே. அம்மொழியிற் பிரியா முன்னொட்டுகள் செறிந்து கிடந்தன. கொடுமைக்குள்ளாதலைக் குறிக்கும் 'ஃபெர்ஃபொல்குங்', முடிவுகூறும் அரசாணையான 'பெஷைட்', தீர்மானமாகிய 'என்ட்ஷைடுங்', அனுமதியாகிய 'எர்லவுப்னிஸ்' என யாவும் அவ்வினத்தன. 'ஷைடன்' என்பதன் பொருள் பிரிதல், பிரித்தல். பிரித்தறிதலே தீர்மானித்தல் என்னுங் கருத்தில் 'என்ட்ஷைடன்' பிறந்தது. தமிழிலும் தீர்தல் என்பது நீங்குதலைக் குறிப்பது. அதனின்றே தீர்ப்பு என்னுஞ் சொல் பிறந்தது. வேறுபட்ட இரு மொழிக்குடும்பங்கள் ஒரே கருத்துவழியிற் சென்றமை ஆராய்தற்குரியது.

இவற்றுள் முதற்கண் வைத்தெண்ணத்தக்கது 'ஃபெர்ஃபொல்கன்' என்பது. 'ஃபொல்கன்' பின்தொடர்தல், 'ஃபெர்' சேர்ந்தவிடத்து விடாது துரத்திக் கொடுமை செய்தல் என்றாகும். 'கெ' சேராமையால், 'அவன் துரத்துகிறான்' என்பதிலுள்ள வினைமுற்றும் 'துரத்தப்பட்ட' என்பதிலுள்ள எச்சவடிவமும் 'ஃபெர்ஃபொல்க்ட்' என ஒரே வடிவின. சாதாரண வினைகளில் 'கெ' காட்டும் வேறுபாட்டை இங்கே துணைவினை ஒன்றே காட்டும். 'இஹ் வூர்டெ ஃபெர்ஃபொல்க்ட்' என்றால் 'நான் துரத்தப்பட்டேன்' என்பது பொருள். துணைவினை தவறி 'இஹ் ஹாபெ ஃபெர்ஃபொல்க்ட்' என்றாலோ 'நான் துரத்தினேன்' என்றாகிவிடும். கொடுமைக்குள்ளானவன் கொடுமை செய்தவனாகத் தன்னைத் தானே கூறிவிடுவான். விசாரணைகளில் மொழிபெயர்ப்பாளர் துணைநின்றனர் என்பது உண்மையே. எனினும் அயலாரிடத்தும், வழக்கறிஞரிடத்தும், உதவிபுரிய வந்தோரிடத்தும் தம் கதையைத் தாமே கூற முற்பட்டோர்க்கு இவ்விலக்கண நுட்பம் ஏட்டுச்சுரைக்காய் ஆகவில்லை.

மனுவின் முடிவை உணர்த்திய சொற்களும் இரண்டு. ஒன்று, மறுக்கப்பட்டமையைக் கூறும் 'அப்கெலேன்ட்'. இதில் 'அப்' பிரியும் ஒட்டாதலின் இடையே 'கெ' வந்தது. மற்றொன்று, ஏற்றுக்கொள்ளப்பட்டமையைக் கூறும் 'அன்எர்கன்ட்'. 'கென்னன்' அறிதல், 'எர்கென்னன்' இனங்கண்டுகொள்ளுதல், 'அன்எர்கென்னன்' அங்கீகரித்தல். பிரியும் 'அன்' முன்னும், பிரியா 'எர்' அதனை அடுத்தும் நிற்கின்றன. 'அன்' கருதி 'கெ' வரவேண்டும் எனத் தோன்றும். 'எர்' அதனைத் தடுத்துவிடும். பாடநூல்கள் அருகிய விதியெனப் பின்பகுதியிற் கூறும் இவ்வடிவத்தைப் பல தமிழர் தம் முதற் சில சொற்களுள் ஒன்றாக அறிந்துகொண்டனர்.

புகலிடங் கோரிக் காத்திருந்தோர்க்கு அரசின் ஒழுங்கான மொழிவகுப்புகள் 1980களில் அரிதாகவே கிட்டின. தொழில் செய்வதற்கும் இடம்விட்டு இடஞ்செல்வதற்கும் தடைகள் இருந்தன. பலர் சகதொழிலாளரின் பேச்சைக் கேட்டும், கடைப்பெயர்களை வாசித்தும், பின்னர் தம் பிள்ளைகளின் பாடப்புத்தகங்களைப் புரட்டியும் மொழியைக் கற்றனர். அவ்வாறு கற்றோரிடத்துப் பகுதிகள் நிலைத்தன. அழுத்தமற்ற முன்னொட்டுகள் செவியிற் படாது நழுவின. வாங்கினேன் என்பதும் விற்றேன் என்பதும் மயங்கின. அங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகளோ எவ்விதியையும் கல்லாமலே அவற்றைச் சரிவரக் கையாண்டனர். அலுவலகங்களிலும் மருத்துவமனைகளிலும் பெற்றோருக்கு மொழிபெயர்ப்போராயினர். அவர்கள் செய்த தொழிலின் பெயரே பிரியா 'ஊபர்செட்சன்'.

2007ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் நடைமுறைக்கு வந்த ஜேர்மன் சட்டத்திருத்தம், வாழ்க்கைத்துணையுடன் சேர்ந்து வாழச் செல்வோர் பொதுவாகப் புறப்படுமுன்னரே தொடக்கநிலை மொழியறிவைக் காட்டவேண்டும் என விதித்தது. அதன் பயனாக, முன்னர் அந்நிய மண்ணிற் கற்கப்பட்ட மொழி பிறந்த மண்ணிலேயே கற்கப்படலாயிற்று. தேர்வின் பொருட்டு இலங்கையிலிருந்தே கற்போர், கொழும்பில் 1957ஆம் ஆண்டு நிறுவப்பட்ட கேத்தே நிறுவனம் முதலான இடங்களை நாடினர். விளங்கிக்கொள்ளுதலாகிய 'ஃபெர்ஷ்டேயன்', பெறுதலாகிய 'பெகோமன்', பணம் செலுத்துதலாகிய 'பெட்சாலன்', உரிமையாதலாகிய 'கெஹோரன்' என்பன தொடக்கநிலையிலேயே வரும் வினைகள். பிரிந்த குடும்பம் ஒன்றுசேர்வதற்கு இடையே பிரியா முன்னொட்டு வினைகளும் நின்றன.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றாற் சில உண்மைகள் பெறப்படும். பிரியா முன்னொட்டுகள் தொடக்கத்திற் பிரிந்து நின்ற சொற்களே. காலத்தால் ஒட்டி, ஒலிதேய்ந்து, தனிப்பொருள் இழந்து, வினையின் உறுப்பாயின. அழுத்தம் அவற்றை விட்டு நீங்கியமையே 'கெ' சேராமைக்கும், பிரியாமைக்கும் அடையாளமாயிற்று. அவை உணர்த்தும் பொருள்களுட் பெரும்பாலானவற்றைத் தமிழ் வினையெச்சத்தின் பின் வரும் வினைகளால் உணர்த்துகின்றது. ஆதலின் தமிழ் மாணவனுக்கு இவ்வினைகளை ஆங்கிலத்தின் வழியாக மட்டுமே கற்பித்தல் நிறைவுடைய முறையன்று. அடித்தல், அடித்துக் கொல்லுதல், அடித்து நொறுக்குதல் எனத் தமிழின் வழியே நிரல்படக் காட்டுவதும், ஒட்டை விடுத்துப் பகுதியை அழுத்தி வாய்விட்டுச் சொல்லப் பயிற்றுவதும் பயன் தருவன.

தமிழுக்கும் ஜேர்மனுக்கும் இடையே ஒப்பியல் இலக்கணம் செய்தோர் பெரும்பாலும் ஜேர்மன் நாட்டினராகவே இருந்துள்ளனர். அவர்கள் தமிழைக் கற்றற்பொருட்டு அதனைச் செய்தனர். தமிழர் ஜேர்மனைக் கற்றற்பொருட்டு, தமிழிலக்கண மரபின் கண்கொண்டு அம்மொழியை நோக்கி எழுதவேண்டிய நூல் ஒன்று உண்டு. இரு மொழியிலும் பிறந்த பயிற்சியுடைய தலைமுறையினர் இன்று ஜேர்மன் நாட்டிலும் உளர். இலக்கணப் புலமையுடையோர் ஈழத்துப் பல்கலைக்கழகங்களிலும் உளர். இவ்விரு சாராரும் கூடிச் செய்யத்தக்க அப்பணி, பருத்தித்துறையிலிருந்து புறப்பட்டோர் செவிவழியாகத் தட்டுத்தடுமாறிக் கற்றவற்றை, இனி வருவோர் காரணமறிந்து கற்குமாறு செய்யும்.